கள்ளியைத் தின்னக் கடல் கடந்த பூச்சி

மன்னார்த் தீவில் நாகதாளியைத் தெரியாத பிள்ளை இல்லை. எருக்கலம்பிட்டிப் பக்கத்து மணற்தரையில் வேலியோரமும் வெறும் வளவிலும் முளைத்து, மடலுக்கு மேல் மடலாக அடுக்கிக்கொண்டே போகும். பழம் பறிக்கப் போய் நுண்முள் நாக்கில் ஏறி அழுதவர்களும் உண்டு, சிவந்த நாக்கை நீட்டிக் காட்டிச் சிரித்தவர்களும் உண்டு. அந்த மடலில் எப்போதாவது வெள்ளைப் பஞ்சை அப்பியது போலச் சில திட்டுகள் தெரியும். பூஞ்சணம் என்று நினைத்து நகர்ந்துவிடுவோம். ஒரு குச்சியால் அந்தப் பஞ்சை வழித்து நசுக்கினால் உள்ளிருந்து கடுஞ்சிவப்புச் சாறு கசியும். விரலில் பட்டால் இலேசில் போகாது.

பஞ்சுக்குள் இருப்பது இரண்டு மூன்று மில்லிமீற்றர் அளவான ஒரு பெண் பூச்சி. அதற்குச் சிறகில்லை. ஊசிவாயை மடலுக்குள் செருகிய இடத்திலேயே சாற்றை உறிஞ்சி, வளர்ந்து, குஞ்சு ஈன்று, செத்தும் போகும். ஆணுக்கு இரண்டு சிறகு உண்டு, உண்பதற்கு வாயில்லை. துணை தேடிப் பறந்து சில நாளில் முடிந்துவிடும். புதிதாய்ப் பிறந்த குஞ்சுகள் நீண்ட மெழுகு நூல்களைச் சுமந்தபடி மடலின் நுனிக்கு ஏறி, காற்றில் தம்மை விட்டுவிடும். போய் விழுந்த இடம் கள்ளியானால் பிழைக்கும், வேறெதுவானாலும் சாகும்.

டாக்டிலோபியஸ் என்பது இந்தப் பேரினத்தின் பெயர். ஏறக்குறைய 11 இனங்கள் இதில் உண்டு. எல்லாமே அமெரிக்கக் கண்டங்களைச் சேர்ந்தவை, கள்ளி தவிர வேறெதையும் தொடாதவை. அவற்றின் உடம்பிலுள்ள சிவப்புக்கு கார்மினிக் அமிலம் என்று பெயர். ஓடித் தப்ப முடியாத பூச்சிக்கு அதுதான் காவல். அந்தச் சுவை பட்டால் எறும்பு பின்வாங்கிவிடும். எறும்பை விரட்டச் சுரந்த இந்த நீர்தான் அரசர்களின் அங்கியையும் கர்தினால்களின் உடுப்பையும் நனைத்தது. அதை அடையும் போட்டியில்தான் பூச்சி நம் கரைக்கும் வந்து சேர்ந்தது. ஆனால் வந்தது தேடிய பூச்சி அல்ல. தவறான பூச்சி ஒன்று வந்து, யாரும் எதிர்பாராத ஒரு வேலையைச் செய்து முடித்தது.

தேடிய பூச்சி மெக்சிகோவில் இருந்தது. ஒஹாகா மலைநாட்டுக் குடியானவர்கள் ஸ்பானியர் வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே அதை வீட்டு விலங்காக்கிவிட்டார்கள். ஆடுமாட்டைப் போலப் பூச்சியையும் தேர்ந்து தேர்ந்து வளர்த்ததில் உருவானதுதான் கொக்கஸ் என்ற இனம். காட்டுப் பூச்சிகளைவிடப் பெரியது. உடம்பில் பஞ்சு இல்லை, வெறும் வெண்பொடிதான். சாயம் மிக அதிகம். ஆனால் மனிதக் கை இல்லாமல் அதனால் வாழ முடியாது. மழை வந்தால் கூரை வேண்டும், குளிர் வந்தால் மடலோடு வெட்டி வீட்டுக்குள் எடுத்து வைக்க வேண்டும். வளர்ந்த பூச்சிகளை மடலிலிருந்து மெல்லத் துடைத்தெடுத்து, வெந்நீரிலோ வெயிலிலோ கொன்று உலர்த்துவார்கள். ஓர் இறாத்தல் சாயத்தூளுக்கு 70,000 பூச்சி வேண்டும். அஸ்தெக் பேரரசர்களுக்குக் கப்பமாகப் போன பொருள்களில் மூட்டை மூட்டையாக இதுவும் இருந்தது.

1521இல் அஸ்தெக் தலைநகர் வீழ்ந்தது. அடுத்த சில பத்தாண்டுகளில் மெக்சிகோவிலிருந்து ஸ்பெயினுக்குப் போன சரக்குகளில் வெள்ளிக்கு அடுத்த மதிப்பு இந்தச் சிவப்புத் தூளுக்குத்தான். அதுவரை ஐரோப்பா கருவாலி மரத்துப் பூச்சியிலும் ஆர்மீனியப் புல்வேர்ப் பூச்சியிலும் சிவப்பு எடுத்து வந்தது. மெக்சிகோச் சிவப்பின் அடர்த்திக்கு முன்னால் அவையெல்லாம் வெளிறிப் போயின. 1597இல் எசெக்ஸ் பிரபுவின் கப்பல்கள் ஸ்பானியரிடமிருந்து 27 டன் சாயத்தூளை ஒரே பயணத்தில் பிடுங்கிக்கொண்டன. கடற்கொள்ளையர் பொன்னைத்தான் தேடினார்கள் என்று நாம் படித்த கதைகளில் இந்தத் தூளையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

சரக்கு என்னவென்று வாங்கியவர்களுக்குத் தெரியாது. உலர்ந்தால் அது சுருங்கிய தானியமணியாகவே தோன்றும். விதையா, பழமா, புழுவா என்று அறிஞர்கள் நூற்றாண்டுக்கு மேல் வாதாடினார்கள். ஸ்பானியர் வாய் திறக்கவில்லை. ஒல்லாந்தரான லீவன்ஹூக் தம் நுண்ணோக்கியில் கால்களைக் கண்டு இது பூச்சிதான் என்ற பிறகும் சந்தேகம் தீரவில்லை. டி ரௌஷர் என்ற இன்னொரு ஒல்லாந்தர் இதன்மேல் நண்பரோடு பந்தயம் கட்டினார். ஒஹாகாவுக்கு ஆள்மூலம் எழுதி, பூச்சி வளர்ப்பவர்களையே நீதிமன்றத்தில் சத்தியம் செய்து சாட்சி சொல்ல வைத்து, அந்த வாக்குமூலங்களை 1729இல் நூலாக அச்சிட்டார். ஒரு பூச்சி தான் பூச்சி என்பதை வழக்காடி நிரூபிக்க வேண்டியிருந்தது.

சாயத்தின் நிறத்தையே மாற்றியது ஒரு விபத்து. 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலண்டனில் இருந்த கொர்னேலிஸ் டிரெபெல் என்ற ஒல்லாந்தரின் சன்னலோரம் கடும் அமிலக் கலவை இருந்ததாம். அது சிந்தி, சன்னலின் தகரத்தைக் கரைத்து, கீழேயிருந்த பூச்சிச் சாயத்தில் விழுந்ததாம். மங்கலான சிவப்பு நெருப்பாய்ப் பற்றியது என்பது கதை. கதை எப்படியோ, தகர உப்பைச் சேர்த்தால் கம்பளியில் அந்தச் சிவப்பு எரியும் என்பது உண்மை. ஆங்கிலப் படை அதிகாரிகளின் செங்கோட்டு இப்படித் தோய்க்கப்பட்டதுதான்.

ஸ்பானியரின் பூட்டை உடைக்கப் பலர் முயன்றார்கள். பிரெஞ்சுக்காரரான தியெரி டி மெனோன்வில்லின் துணிச்சல் அவர்களில் எவருக்கும் இல்லை. 1777இல் தாவரம் தேடும் மருத்துவராக மெக்சிகோவில் இறங்கி, அனுமதியின்றி ஒஹாகா வரை போய், பூச்சி அப்பிய மடல்களை வாங்கிப் பெட்டியில் மறைத்து, இன்றைய ஹெய்ட்டிக்குக் கொண்டு வந்துவிட்டார். 1780இல் அவர் இறந்தார். கவனிக்க ஆளில்லாத வீட்டுப் பூச்சியும் கொஞ்ச காலத்தில் அழிந்தது. அவரிடமிருந்த காட்டுப் பூச்சி மட்டும் தப்பியது.

இதே காலத்தில் மன்னாரில் சிவப்பு மண்ணுக்கடியில் இருந்தது. மணற்தரையில் படரும் சின்னச் செடியான சாயவேரைத் தோண்டி எடுப்பதையே தொழிலாகக் கொண்ட குடிகள் மன்னாரிலும் வன்னியிலும் யாழ்ப்பாணத்திலும் இருந்தார்கள். ஒல்லாந்தர் அதைத் தம் ஏகபோகமாக்கினார்கள். அக்கரைச் சோழமண்டலத்துத் துணிகளின் செம்மை அந்த வேரிலிருந்து வந்தது. வேரின் நிறமும் பூச்சியின் நிறமும் வேதியியலில் ஒரே குடும்பம், ஆந்த்ரகுயினோன் என்பார்கள். மெக்சிகோக் குடியானவனும் மன்னார் வேர்தோண்டியும் ஒருவரை ஒருவர் அறியாமல் ஒரே வேதிக் குடும்பத்தின் இரண்டு நிறங்களை விற்றுக்கொண்டிருந்தார்கள்.

மதராஸில் கிழக்கிந்தியக் கும்பனியின் தலைமை மருத்துவராக இருந்தவர் ஜேம்ஸ் அண்டர்சன். 1786இல் மதராஸுக்கு அருகே ஒரு புல்லில் சிவப்புச் சாறுள்ள பூச்சியைக் கண்டார். கும்பனிக்கு ஒரு மெக்சிகோ கிடைத்துவிட்டது என்று அவருக்குத் தலைகால் புரியவில்லை. இலண்டனில் இருந்த தாவர அறிஞர் ஜோசப் பாங்க்ஸுக்குக் கடிதத்துக்கு மேல் கடிதம் எழுதி, அவற்றை அச்சிட்டும் வெளியிட்டார். அது வேறு பூச்சி, சாயத்துக்கு உதவாது என்பது பிறகு தெரிந்தது. அண்டர்சன் சளைக்கவில்லை. கியூ தோட்டத்திலிருந்து கள்ளி வகைகள் கப்பலில் வந்தன. சைதாப்பேட்டையில் மார்மலாங் பாலத்துக்கு அருகே ஒரு கள்ளித் தோட்டம் எழுந்தது. அவருடைய மருமகன் அண்ட்ரூ பெரி அதைப் பார்த்துக்கொண்டார். கள்ளி செழித்தது, பூச்சிதான் இல்லை. கப்பலோட்டிகளின் ஸ்கர்வி நோய்க்கு மடலைச் சமைத்துக் கொடுக்கலாம் என்று அண்டர்சன் அதற்கும் ஒரு பயன் கண்டுபிடித்தார். எனக்கு அவர்மேல் மதிப்பு உண்டு. தவறான பூச்சியில் தொடங்கி, பூச்சியே இல்லாத தோட்டம் வரை, ஒரு நாளும் ஆர்வம் குறையாத மனிதர்.

அதற்குள் இன்னொரு கப்பலும் முயன்றிருந்தது. 1787இல் அவுஸ்திரேலியாவில் குடியேறப் புறப்பட்ட முதல் ஆங்கிலக் கப்பல்கள் வழியில் ரியோ டி ஜெனிரோவில் நின்றபோது, தலைவர் ஆதர் பிலிப் பூச்சியோடு கள்ளியை ஏற்றிக்கொண்டார். போய்ச் சேர்ந்த இடத்தில் பூச்சி நிலைக்கவில்லை, கள்ளி நிலைத்தது.

1795இல் அதே ரியோவில் நின்ற இன்னொரு கப்பலில் கப்டன் நீல்சன் என்ற படை அதிகாரி இருந்தார். ஊருக்கு வெளியே கள்ளித் தோட்டத்தைக் கண்டு, பூச்சி அப்பிய சில செடிகளை எடுத்து வந்தார். கல்கத்தாவை அடையும்போது பசித்த பூச்சிகள் மடல்களைப் பெரும்பாலும் தின்று தீர்த்திருந்தன. எஞ்சிய சிலவற்றைத் தாவரத் தோட்டத்தின் வில்லியம் ரொக்ஸ்பர்க் வாங்கி, கைவசமிருந்த கள்ளிகளில் ஒவ்வொன்றாக விட்டுப் பார்த்தார். பூச்சி ஏற்கவில்லை. கடைசியில் வங்காளத்து வேலிகளில் கிடந்த சாதாரணக் கள்ளியில் விட்டதும் மளமளவென்று பெருகியது. அந்தக் கள்ளியை இந்தியச் செடியென்றே ரொக்ஸ்பர்க் நம்பினார். உண்மையில் அதுவும் தென்னமெரிக்காவிலிருந்து எப்போதோ கப்பலேறி வந்து வங்காள வேலியில் ஊரோடு ஊராகிவிட்ட செடி. பூச்சி தன் ஊர்ச் செடியை அடையாளம் கண்டுகொண்டது. தாவர அறிஞர் கண்டுகொள்ளவில்லை.

ஆனால் பிரேசில் பூச்சி மெக்சிகோப் பூச்சி ஆகாது. சிறியது, மெழுகு அதிகம், சாயம் குறைவு. இலண்டன் சந்தையில் அதற்கு நல்ல விலை கிடைக்கவில்லை. உண்மையான மெக்சிகோ இனத்தைக் கொண்டுவருபவருக்கு 2,000 பவுண் பரிசு என்று கும்பனி அறிவித்துப் பார்த்தது. சாய வியாபாரம் படுத்துவிட்டது.

அதற்குப் பிறகுதான் விந்தை. வியாபாரிகள் கைவிட்ட பூச்சி வேலிகளைத் தின்றுகொண்டே போனது. வட இந்தியாவில் பரந்து கிடந்த கள்ளி கண்முன்னே வாடிச் சரிந்தது. தென்னிந்தியாவில் அப்போது கள்ளி வயலையும் மேய்ச்சலையும் விழுங்கிக்கொண்டிருந்தது. 1836க்கும் 1838க்கும் இடையில் அங்கே பூச்சியை வேண்டுமென்றே கொண்டுபோய் விட்டார்கள். களையைக் கொல்ல ஒரு பூச்சியை ஏவிவிட்ட முதல் நிகழ்ச்சி என்று உலகெங்கும் பாடநூல்களில் குறிக்கப்படுவது இதுதான். 1865 அளவில் அதே பூச்சி தென்னிந்தியாவிலிருந்து இலங்கைக்கு வந்து இங்கும் அதே கள்ளியைத் துடைத்தது. களையைத் தின்னும் பூச்சியை அறிந்தே ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்கு அனுப்பி வெற்றி கண்டது அதுவே முதன்முறை. இன்று உயிரியல் களைக்கட்டுப்பாடு என்று பல்கலைக்கழகத் துறைகளாக வளர்ந்து நிற்கும் கலைக்குப் பிள்ளையார் சுழி பாக்கு நீரிணையின் இரு கரையிலும் போடப்பட்டது. இதை நம் பிள்ளைகளின் விஞ்ஞானப் புத்தகத்தில் நான் கண்டதில்லை. இருக்க வேண்டும்.

கொழும்பில் பிறந்து இலங்கை அரசின் பூச்சியியலாளராக இருந்த எட்வர்ட் ஏர்னஸ்ட் கிரீன் 1896இல் இதற்கு விஞ்ஞானப் பெயரிட்டார். இங்கே கண்டதால் 'சிலோனிகஸ்' என்று வைத்தார். அப்படித்தான் பிரேசிலில் பிறந்து கல்கத்தாவில் இறங்கிய பூச்சி உலக ஏடுகளில் இலங்கைப் பூச்சியாகப் பதிந்தது.

பெயரைப் பார்த்து வாங்க வந்தார்கள். அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் கள்ளி கொள்ளைநோயாகப் பரவியிருந்தது. 1912இல் அந்த அரசு ஹார்வி ஜோன்ஸ்டன், ஹென்றி டிரையன் என்ற இரு அறிஞர்களை உலகம் சுற்றிக் கள்ளியின் எதிரிகளைத் தேட அனுப்பியது. அவர்கள் இலங்கையிலிருந்தும் பூச்சி எடுத்துப் போனார்கள். டுலக்கா ஆய்வு நிலையத்தில் ஜீன் வைட் என்ற பெண் விஞ்ஞானி அதை வளர்த்து, 1914இல் வெளியே விட்டார். ஒரே ஒரு வகைக் கள்ளி ஏறக்குறைய முற்றாக அழிந்தது. அதற்கு அடுத்து நின்ற இன்னொரு வகையைப் பூச்சி தொட்டும் பார்க்கவில்லை. அந்த மற்ற வகை 1925 அளவில் 2 கோடியே 40 இலட்சம் ஹெக்டேயர் வரை பரவியது. ஆர்ஜென்டீனாவிலிருந்து வந்த ஓர் அந்துப்பூச்சிதான் கடைசியில் அதை அடக்கியது.

இங்கும் அதே சிக்கல். பிரேசில் பூச்சி தின்றது ஒரு கள்ளியை மட்டும். நம் நாகதாளி வேறு இனம், கரீபியன் கரைகளிலிருந்து வந்தது. போட்டிக்கு இருந்த கள்ளி ஒழிந்த நிலத்தில் நாகதாளி கை வீசிப் பரவியது. உப்புக்காற்றும் மணலும் அதற்கு ஒரு பொருட்டில்லை. விழுந்த மடல் வேர்விடும், பறவை எச்சத்தில் விதை முளைக்கும், வெட்டிப் போட்டால் வெட்டிய துண்டு ஒவ்வொன்றும் செடியாகும். நிலம் பற்றையாவது என்றால் என்னவென்று எருக்கலம்பிட்டியாருக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. 1990 ஒக்டோபரில் ஊரோடு வெளியேற்றப்பட்டு, புத்தளத்தில் இரு பத்தாண்டு கழித்துத் திரும்பியவர்கள் காடு வெட்டித்தான் தங்கள் வளவின் எல்லையைக் கண்டார்கள். 1920களில் தென்னிந்தியக் குடியானவர்கள் கண்டதும் அப்படியான இழப்புத்தான். அவர்கள் ஊரை விட்டுப் போகவில்லை, நாகதாளி ஊருக்குள் வந்தது.

1924இல் இன்னொரு டாக்டிலோபியஸ், ஒபுன்டியே என்ற இனம், அவுஸ்திரேலியா வழியாக இலங்கைக்கு வந்தது. அதன் பிறப்பிடம் மெக்சிகோப் பக்கம். இது நாகதாளியைத் தின்றது. 1926இல் இங்கிருந்து தென்னிந்தியாவுக்குப் போனது. அங்கே ஐந்தாறு ஆண்டுக்குள் 40,000 ஹெக்டேயருக்கு மேல் கள்ளி சாய்ந்தது. மதராஸ் அரசின் பூச்சியியலாளர் டி. வி. ராமகிருஷ்ண அய்யர் 1931இல் இந்தப் பூச்சிகளை விரிவாக எழுதிவைத்தார். பூச்சி அப்பிய மடலை வெட்டிக் கொண்டுபோய், பூச்சி இல்லாத புதரில் சாத்தி வைப்பதுதான் வேலை. மற்றதைக் காற்று பார்த்துக்கொள்ளும். மருந்தில்லை, இயந்திரமில்லை. இப்படிச் சாய்ந்த பிறகும் நாகதாளி முற்றாக ஒழியவில்லை. அங்கங்கே பற்றையாக நிற்கும், அங்கங்கே பூச்சியும் நிற்கும். மன்னாரில் நாம் காணும் வெள்ளைத் திட்டு அந்த வம்சம்தான்.

இந்த வெற்றியைச் சொல்லும்போது மடகாஸ்கரையும் சொல்லியாக வேண்டும். அத்தீவின் வறண்ட தெற்கில் கள்ளி களையல்ல. மாட்டுக்குத் தீவனம், கோடையில் தண்ணீர், ஊருக்கு வேலி, பஞ்சத்தில் மனிதருக்கும் உணவு. 1924இல் பிரெஞ்சு ஆட்சியின்போது இதே பேரினப் பூச்சி அங்கே விடப்பட்டது. சில ஆண்டுகளில் தெற்கின் கள்ளி முழுதும் கருகியது. அடுத்து மழை பொய்த்தபோது மாடுகள் மந்தை மந்தையாகச் செத்தன, மனிதரும் பசியில் இறந்தார்கள். ஒரே ஆண்டில், ஒரே பேரினத்துப் பூச்சிகள், மடகாஸ்கருக்கும் இலங்கைக்கும். இங்கே நிலத்தை மீட்டன, அங்கே பட்டினி போட்டன. அந்தக் கள்ளியை நம்பி யார் வாழ்கிறார்கள் என்று கேட்டிருந்தால் அங்கே பூச்சியை விட்டிருக்கமாட்டார்கள். மொரோக்கோவில் 2014இல் ஒபுன்டியே பூச்சி தானாகத் தலைகாட்டியது. பழத்துக்காகக் குடியானவர்கள் வளர்த்த கள்ளித் தோட்டங்கள் அங்கே பெருமளவில் அழிந்தன.

சாயத்துக்கு என்ன ஆனது? 1868இல் ஜேர்மனியில் கிரேப், லீபர்மன் என்ற இருவர் அலிசரினை ஆய்வுகூடத்தில் செய்தார்கள். சாயவேரின் சிவப்பு அதுதான். தோண்டியெடுத்த வேருக்கு அதன் பிறகு சந்தை இல்லாமல் போனது. பின்னால் வந்த செயற்கைச் சாயங்கள் பூச்சியையும் வீழ்த்தின. மெக்சிகோவின் இரகசியம் கசிந்த பிறகு பூச்சியால் கொழித்த கனரித் தீவுகள் ஒரு தலைமுறைக்குள் கடனில் மூழ்கின. பூச்சியும் வேரைப் போலவே மறந்துபோயிருக்கும். 20ஆம் நூற்றாண்டில் செயற்கைச் சிவப்புகள் சில உடலுக்குக் கேடு என்ற அச்சம் கிளம்பியபோது உணவுத் தொழிற்சாலைகள் பூச்சியிடமே திரும்பி வந்தன. இன்று உலகுக்கு அதிகம் கொடுப்பது பெரு நாடு. யோகட், இனிப்பு, இறைச்சிச் சுருள், உதட்டுச் சாயம் எல்லாவற்றிலும் அது இருக்கலாம். பொதியின் பின்புறம் இ120 என்றோ கார்மைன் என்றோ சிறிய எழுத்தில் போட்டிருப்பார்கள். 2012இல் ஸ்டார்பக்ஸ் தன் ஸ்ட்ரோபெரி பானத்தில் பூச்சி இருப்பது தெரியவந்து, சைவ உணவுக்காரர்கள் எதிர்க்க, தக்காளிச் சிவப்புக்கு மாறியது.

எருக்கலம்பிட்டி போன்ற முஸ்லிம் ஊரில் இ120 என்ற எண்ணுக்குக் கூடுதல் பொருள் உண்டு. இலங்கை முஸ்லிம்களில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாஃபி மத்ஹபில், அதாவது ஷாஃபி சட்டநெறியில், பூச்சி உண்ணத் தகாதது. மாலிகி மத்ஹபில் இடமுண்டு. அதனால் இ120 பற்றிய கருத்து நாட்டுக்கு நாடு மாறுகிறது. ஹலால் சான்று தருகிறவர்கள் இந்த எண்ணைத் தேடிப் பார்ப்பதும் அதனால்தான். இறக்குமதி இனிப்பைப் பிள்ளையின் கையில் கொடுக்கும் முன் பொதியைத் திருப்பி எண்ணைத் தேடும் தாய்க்கு, அதே பேரினத்துப் பூச்சி கடற்கரை நாகதாளியில் பஞ்சாய் ஒட்டியிருப்பதை யாராவது காட்ட வேண்டும்.